ஒளித்தவரும் தேடியவரும்

இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் மாவட்டத்தில், டாட்மூர் என்றொரு மேட்டுநிலம் உண்டு. கருங்கற் குன்றுகளும் புல்வெளியும் காலை வைத்தால் உள்ளிழுக்கும் சேற்றுநிலமும் நிறைந்த பரப்பு அது. மூடுபனி இறங்கிவிட்டால் அவ்வூரவரே வழி தவறுவர். அதன் வடபாகத்தில், வீடு வாசல் எதுவும் அணுகாத ஓரிடத்திலே, கிரான்மியர் குளம் இருக்கிறது. குளம் என்பது பெயரளவில்தான். அதிலே நீர் இல்லை. ஒக்ஹாம்டன் நகரின் பழைய மேயர் ஒருவருடைய ஆவி, அக்குளத்து நீரைச் சல்லடையால் இறைக்கும்படி தண்டிக்கப்பட்டதென்றும், அந்த ஆவி சல்லடைக்குள் ஓர் ஆட்டுத்தோலை விரித்து நீர் முழுவதையும் இறைத்துவிட்டதென்றும் அப்பகுதி மக்கள் கதை சொல்வர்.

நீரில்லாத இக்குளத்துக்குப் போய்வருவது பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஒரு வீரச்செயலாகக் கருதப்பட்டது. வண்டி செல்லாத வழி. நாள் முழுவதும் நடை. வழிகாட்டி இன்றிப் போவது ஆபத்து. சாக்போட் என்னும் சிற்றூரைச் சேர்ந்த ஜேம்ஸ் பெரற் என்பவர் அவ்வாறு பயணிகளை அழைத்துச் செல்லும் வழிகாட்டியாக விளங்கினார். 1854ஆம் ஆண்டில் அவர் கிரான்மியரிலே ஒரு போத்தலை வைத்தார். அங்கே வந்து சேர்ந்தவர்கள் தங்கள் பெயர்ச் சீட்டை அதற்குள் இட்டுச் செல்லலாம் என்பது ஏற்பாடு. பெரற் செய்தது இவ்வளவே. ஆயினும் அந்தப் போத்தலில் இருந்து ஒரு விளையாட்டு முளைத்து, ஒன்றரை நூற்றாண்டின் பின் செய்மதிகளின் துணையுடன் உலகெங்கும் பரவியது.

அவ்விளையாட்டின் வரலாற்றை ஆராய்பவர் ஓர் உண்மையை முதலிலேயே மனத்திற் கொள்ளுதல் வேண்டும். அதற்கு நடுவர் இல்லை, பார்வையாளர் இல்லை, பரிசும் இல்லை. ஒளித்தவர் வீட்டில் இருப்பார். தேடுபவர் காட்டில் தனியே நிற்பார். ஒருவர் முகத்தை மற்றவர் காண்பதே அரிது. இந்நிலையில் விளையாட்டைக் காத்து நிற்பது யாது? ஒழுக்கம் ஒன்றே. அவ்வொழுக்கம் எவ்வாறு தோன்றியது, போட்டி அதனை எவ்வாறு சோதித்தது, நகைச்சுவை அதற்கு எவ்வாறு துணைபுரிந்தது என்பனவே இங்கு ஆராயத்தக்கவை.

கிரான்மியரின் போத்தல் நெடுநாள் நிலைக்கவில்லை. அதனிடத்தில் ஒரு தகரப் பெட்டி வந்தது. 1905ஆம் ஆண்டில் வருகைதருவோர் கையொப்பமிட ஒரு புத்தகம் வைக்கப்பட்டது. 1937ஆம் ஆண்டளவில் கல்லாலான சிறு கூடும், வந்ததற்குச் சான்றாகப் பதித்துக்கொள்ள ஒரு றப்பர் முத்திரையும் அங்கு இருந்தன. மறு ஆண்டில், டாட்மூரைப் பற்றிச் சிறந்த வழிகாட்டி நூல் எழுதிய வில்லியம் குரொசிங் என்பாரின் நினைவாக, டக்ஸ் பூல் என்னும் மற்றொரு தனியிடத்திலும் பெட்டி அமைந்தது.

இவற்றுக்குத் தபாற்பெட்டி என்ற பெயர் வந்த காரணம் கவனிக்கத்தக்கது. பெட்டியை அடைந்த ஒருவர் தமது முகவரி எழுதி முத்திரைத்தலை ஒட்டிய தபாலட்டை ஒன்றை அதனுள் இட்டுச் செல்வார். அடுத்து வருபவர் எவரோ, அவர் அந்த அட்டையை எடுத்துச் சென்று ஊரிலுள்ள அஞ்சலகத்தில் சேர்ப்பார். சில வேளை மறுநாளே அட்டை வீடு வந்து சேரும். பனிக்காலமானால் வாரங்கள் பல கழியும். அட்டை வந்தால், தமக்குப் பின் அங்கே ஒருவர் வந்தார், அவர் நேர்மையுள்ளவர் என்னும் இரு செய்திகளும் அதனோடு வந்து சேர்ந்தன. முன்பின் அறியாத ஒருவருடைய கடிதத்தைச் சுமந்து சென்று சேர்ப்பித்த அந்தச் சிறு கடமையே இவ்விளையாட்டின் முதல் ஒழுக்கவிதி எனலாம். அதனை எவரும் எழுதி வைக்கவில்லை. எழுதாமலே அது நடைபெற்றது.

1970ஆம் ஆண்டுகளின் பின்னர் நிலைமை மாறிற்று. விரல்விட்டு எண்ணக்கூடியனவாக இருந்த பெட்டிகள் நூற்றுக்கணக்கிலும் பின்னர் ஆயிரக்கணக்கிலும் பெருகின. கற்பாறை இடுக்குகளில் எல்லாம் பெட்டிகள் ஒளிக்கப்பட்டன. நூறு பெட்டிகளைக் கண்டவர்கள் சேர்வதற்கென நூற்றுவர் கழகம் ஒன்று தோன்றியது. பெட்டிகளின் இருப்பிடக் குறிப்புகள் அடங்கிய பட்டியல் அக்கழக உறுப்பினருக்கே கிடைக்கும். ஆகவே, பட்டியல் இன்றி நூறு பெட்டிகளைத் தேடிக் கண்டவருக்குத்தான் பட்டியல் வழங்கப்பட்டது. நீந்தக் கற்ற பின்பே நீரில் இறங்கலாம் என்பது போன்ற இவ்விதியை அவ்வூரவர் புன்னகையோடு ஏற்றுக்கொண்டனர். முதல் நூறையும் காலாலும் கண்ணாலும், வழியிற் சந்தித்தவர் வாய்ச்சொல்லாலும் தேடிப் பெறுதல் வேண்டும் என்பதே அதன் உட்கருத்து.

பெட்டிகள் பெருகவே தீங்கும் பெருகியது. டாட்மூரிலே பழங்கால மக்கள் நிறுத்திய கல்வரிசைகளும் ஈமக் கற்குவைகளும் உண்டு. அவற்றிற் சில பெட்டி தேடுவோரின் கைகளால் குலைந்தன. ஆகவே ஓர் ஒழுக்கக்கோவை வகுக்கப்பட்டது. பழஞ்சின்னங்களிலும் அவற்றின் அருகிலும் பெட்டி வைத்தல் ஆகாது; எவருக்கேனும் காயம் நேரக்கூடிய இடத்தில் வைத்தல் ஆகாது; சீமெந்து இட்டு நிலையாகப் பொருத்துதல் ஆகாது என அது கூறிற்று. எழுதாத ஒழுக்கம் எழுதிய விதியாக மாறிய கட்டம் இதுவே. ஒருவரையொருவர் அறிந்த சிலர் விளையாடும்போது விதி தேவைப்படுவதில்லை. அறியாத பலர் விளையாடும்போது அது தேவைப்படுகின்றது.

விதி வந்ததனால் வேடிக்கை குறைந்துவிடவில்லை. தவறணையின் மேசைக்குப் பின்னாலும் முத்திரைகள் வைக்கப்பட்டன. சேற்றில் உழன்று வந்தவர் அங்கே தாகமும் தீர்த்து முத்திரையும் பதித்துச் சென்றார். இன்னும் சிலர் முத்திரையைத் தம் சட்டைப் பையிலேயே கொண்டு திரிந்தனர். அவர்களை அடையாளம் கண்டு, தக்கவாறு கேட்டால்தான் அது கிடைக்கும். பெட்டி ஓரிடத்தில் இருக்கும், மனிதன் தேடிச் செல்வான் என்ற முறை தலைகீழாகி, பெட்டியே கால் முளைத்து நடக்கலாயிற்று.

1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சிமித்சோனியன் என்னும் சஞ்சிகை இவ்வழக்கத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டது. அதன் விளைவாக அமெரிக்கக் காடுகளிலும் முத்திரைப் பெட்டிகள் தோன்றின. ஆயின், இதே விளையாட்டு மற்றொரு வடிவில் உலகெங்கும் பரவுதற்கு வேறொரு வாயில் திறக்கவேண்டியிருந்தது.

அவ்வாயில் வானத்தில் இருந்தது. பூமியைச் சுற்றிவரும் செய்மதிகள் பலவற்றை அமெரிக்கப் படைத்துறை நிறுவியிருந்தது. அவற்றின் சமிக்ஞைகளைப் பெற்று, ஒருவர் நிற்கும் இடத்தைக் கணித்துக் கூறும் சிறு கருவிகள் பொதுமக்களுக்கும் கிடைத்தன. எனினும், பகைவர் பயன்படுத்தாவண்ணம், பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே ஒரு பிழை கலக்கப்பட்டிருந்தது. அப்பிழை நூறு மீற்றர் வரை செல்லும். கடலோடிக்கு அது பெரிதன்று. புதரில் ஒளித்த பெட்டியைத் தேடுபவருக்கோ கருவி இருந்தும் இல்லாததற்குச் சமானம். 2000ஆம் ஆண்டு மே மாதம் முதலாம் தேதி, அப்பிழையை நீக்குமாறு சனாதிபதி கிளின்ரன் பணித்த செய்தி வெளியாயிற்று. அன்றிரவே அது நீங்கியது. சிறு கருவிகள் ஏறத்தாழ இருபது மீற்றருக்குள் இடத்தைக் காட்டத் தொடங்கின.

மே 3ஆம் தேதி, ஒறிகன் மாநிலத்தைச் சேர்ந்த டேவ் உல்மர் என்னும் கணினி வல்லுநர், போட்லண்ட் நகருக்கு அணித்தான பீவர்கிறீக் என்னுமிடத்தில், பாதையோரத்தே ஒரு கறுப்பு வாளியை ஒளித்தார். அதனுள் ஒரு குறிப்புப் புத்தகம், பென்சில், சில நூல்கள், ஒளிப்பட நாடாக்கள், ஒரு கவண், அவரை விதை அடைத்த ஒரு பேணி ஆகியன இருந்தன. இடத்தின் அகலக்கோட்டையும் நெடுங்கோட்டையும் இணையத்திலே கருவி ஆர்வலர் கூடும் ஒரு குழுவுக்கு அறிவித்தார். அவர் விதித்த விதி ஒன்றே: ஏதேனும் எடுத்தால் ஏதேனும் வைக்க வேண்டும். மூன்று நாட்களுக்குள் இருவர் அதனைக் கண்டுபிடித்தனர். முதலிற் கண்டவர் அயல் மாநிலமாகிய வாஷிங்டனைச் சேர்ந்த மைக் ரீக் என்பவர். இவ்வாறு ஒளிக்கப்படும் பொருள்களின் இடங்களை அவர் தொகுத்து வெளியிடலானார்.

அம்மாத முடிவிலே மற் ஸ்ரம் என்பவர் இவ்விளையாட்டுக்கு ஜியோகாஷிங் என்று பெயர் சூட்டினார். ஜியோ என்பது பூமியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லடி. காஷ் என்பது பிரெஞ்சு மொழியில் மறைத்தல் என்னும் பொருளில் இருந்து வந்தது. வட அமெரிக்கக் காடுகளில் திரிந்த வேட்டையாளர், திரும்பி வரும் வழிக்கென ஒளித்து வைக்கும் உணவுக்கு அப்பெயரை வழங்கினர். செப்தெம்பர் மாதத்தில் ஜெரெமி ஐரிஷ் என்பார் இணையத்தில் ஒரு தளம் அமைத்தபோது, அதில் இடம்பெற்ற பேழைகள் 75 மட்டுமே. பின்னாளில் அத்தொகை முப்பது இலட்சத்தையும் கடந்தது.

உல்மரின் ஒற்றை விதி அதே வடிவில் நிலைக்கவில்லை, அது வளர்ந்தது. எடுத்ததற்கு ஈடான, அல்லது அதனினும் மேலான பொருளை வைக்க வேண்டும். குறிப்புப் புத்தகத்தில் பெயரும் நாளும் எழுத வேண்டும். கண்ட இடத்திலே, கண்ட விதமாகவே பேழையைத் திரும்ப மறைக்க வேண்டும். நில உரிமையாளரின் அனுமதியின்றி ஒளித்தல் ஆகாது. ஒரு பேழைக்கும் மற்றொன்றுக்கும் இடையே மைலில் பத்திலொரு பங்கு தூரமேனும் இருக்க வேண்டும். உணவுப் பொருள் வைத்தல் ஆகாது. ஏனெனில் மணம் பிடித்து வரும் விலங்குகள் பேழையைக் கடித்துக் குதறிவிடும். இவ்விதியின்படி பார்த்தால், விளையாட்டைத் தொடக்கிவைத்த உல்மரின் அவரைப் பேணியே குற்றவாளியாகின்றது. ஆயினும் அப்பேணியை எவரும் தண்டிக்கவில்லை. அது மீட்டெடுக்கப்பட்டு, ஆர்வலர் கூடும் விழாக்களுக்கு எடுத்துச் செல்லப்படும் பெருமையைப் பெற்றது. வாளி இருந்த இடத்தில் 2003ஆம் ஆண்டு நினைவுப் பலகை ஒன்றும் பதிக்கப்பட்டது.

எழுதப்பட்ட இவ்விதிகளை விட நுண்ணியதாய், சொல்லாமல் விளங்கும் நாகரிகம் ஒன்று உண்டு. தாம் கண்ட இடத்தை அடுத்தவருக்கு வெளிப்படையாகச் சொல்லிவிடுவது இங்கே பெருங்குற்றம். காணாமல் திரும்பியவர் காணவில்லை என்று ஒப்புக்கொண்டு எழுதுவது கண்ணியம். தோல்வியை மறைப்பவர் தமக்கு மட்டும் தீங்கு செய்யவில்லை. பேழை களவு போயிற்றோ என்று ஒளித்தவர் அறிந்துகொள்வது தோற்றவர்களின் குறிப்பினாலேதான். பத்துப் பேர் வெட்கத்தால் வாய் மூடினால், இல்லாத பேழையைப் பதினோராமவர் மழையிலே தேடிக்கொண்டிருப்பார். தோல்வியை மறைக்காமல் சொல்வதே பொதுநன்மையாகும் விளையாட்டு இது.

இனிப் போட்டியை நோக்குவோம். பரிசு இல்லாத இடத்தில் போட்டி இராது என்று எண்ணுவது தவறு. புதிய பேழை ஒன்றை முதன்முதலாகக் காண்பவர் என்ற பெயருக்காகவே நள்ளிரவிலும் படுக்கையை விட்டெழுந்து ஓடுவோர் உண்டு. அறிவிப்பு வந்த சில நிமிடங்களில், மின்சூளுடன் இருவர் ஒரே மரத்தின் இரு பக்கமும் வந்து நிற்பதும் நிகழும். அப்போது என் செய்வது? முந்தியவர் கை முதலில் தொட்டதென்று வாதிடுவோரும் உண்டு. ஆனால், இருவரும் சேர்ந்தே தேடி, புத்தகத்தின் முதல் வரியில் இரு பெயர்களையும் எழுதுவதே பலரும் மெச்சும் வழக்கமாயிற்று. பகையாகத் தொடங்கிய இரவு நட்பாக முடிவதற்கு இவ்வழக்கம் உதவியது.

ஒளிப்பவருக்கும் தேடுபவருக்கும் இடையிலான போட்டி வேறு வகையினது. தேடலின் கடினத்தையும் வழியின் கடினத்தையும் ஒன்று முதல் ஐந்து வரை எண்களால் ஒளித்தவரே குறிப்பிடுவார். ஒருவர் பொய் ஆணியின் தலைக்குள் விரல்நுனி அளவான குப்பியை மறைப்பார். மற்றொருவர் காந்தம் பொருத்திய குமிழை இரும்புப் பாலத்தில் ஒட்டுவார். இன்னொருவர் கணக்குப் புதிரை விடுவித்தாலன்றி இடமே தெரியாதபடி செய்வார். இதில் வியப்பு யாதெனின், இங்கு ஒளிப்பவரின் நோக்கம் வெல்வதன்று. எவராலும் காண முடியாத பேழையை ஒளித்தவரை யாரும் புகழ்வதில்லை. நெடுநேரம் மறைந்து நின்று, இறுதியிலே தோற்பதுதான் நல்ல பேழைக்கு இலக்கணம்.

எண்ணிக்கையிலே மயங்கியவர்களும் தோன்றினர். நெவாடா மாநிலத்துப் பாலைவனச் சாலை ஒன்றின் இருமருங்கும் ஆயிரத்துக்கு மேற்பட்ட குப்பிகள் வரிசையாக வைக்கப்பட்டன. வாகனத்தில் இருந்து இறங்குவதும் ஏறுவதுமாக, ஒரே நாளில் பல நூறு கண்டதாகச் சிலர் பெருமை பேசினர். இது தேடலா, அறுவடையா என்று மற்றையோர் கேட்டனர். ஒரு மலையுச்சிப் பேழைக்காக நாள் முழுவதும் நடந்தவரும், சாலையோரத்தில் நூறு குப்பியைத் தொட்டவரும் ஒரே கணக்கேட்டில் நிற்கும்போது இவ்வழக்கு எழுவது இயல்பே. இதனினும் இழிவானது, போகாத இடத்துக்குப் போனதாக வீட்டிலிருந்தே எழுதுவது. அதைத் தடுக்க ஒளித்தவருக்கு ஒரே ஓர் அதிகாரம் உண்டு. பேழைக்குள் இருக்கும் காகிதத்தைப் பார்த்து, அதிலே கையொப்பம் இல்லாதவரின் இணையக் குறிப்பை நீக்கிவிடலாம். செய்மதி யுகத்து விளையாட்டின் இறுதிச் சாட்சி, பென்சிலால் எழுதிய ஒரு துண்டுக் காகிதமே.

போட்டி எல்லை மீறாமல் தடுத்தது பெரும்பாலும் நகைச்சுவையே. இவ்விளையாட்டை அறியாத வழிப்போக்கரை ஆர்வலர் மகிள் என்று அழைப்பர். 1997இல் வெளிவரத் தொடங்கிய ஹரி பொட்டர் கதைகளிலே மந்திரம் அறியாத மானிடருக்கு வழங்கிய பெயர் அது. மகிள் பார்க்கையில் பேழையை எடுத்தல் கூடாது. ஆகவே, அவிழாத சப்பாத்து நூலை மீண்டும் மீண்டும் கட்டுவோரும், ஒலிக்காத தொலைபேசியிலே உரையாடுவோரும், சாதாரண மரமொன்றை நெடுநேரம் வியந்து பார்ப்போரும் பூங்காக்களிலே காணப்படலாயினர். பளிச்சிடும் மேற்சட்டை அணிந்து கையில் ஒரு பதிவேட்டையும் பிடித்துக்கொண்டால், எவரும் அரசாங்க உத்தியோகத்தர் என்றெண்ணிக் கேள்வி கேட்கார் என்பது அனுபவசாலிகளின் உபதேசம்.

விண்வெளி வரையும் இவ்வேடிக்கை சென்றது. 2008ஆம் ஆண்டு ஒக்டோபரில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் பயணம் செய்த றிச்சட் கரியற், அங்கே ஒரு பேழையை நிறுவினார். தேடலும் வழியும் ஐந்துக்கு ஐந்து என மதிப்பிடப்பட்ட அப்பேழை, முதற் காண்பவருக்காக ஐந்து ஆண்டுகள் காத்திருந்தது. 2013இல் அங்கு சென்ற விண்வெளி வீரர் றிக் மஸ்றாக்கியோ அதனைக் கண்டார். நள்ளிரவில் ஓடிவந்து அவரை முந்துவதற்கு அயலில் எவரும் இல்லை.

ஆயினும், ஒளிந்து திரியும் இவ்வேடிக்கை எப்போதும் வேடிக்கையாக முடிவதில்லை. 2011ஆம் ஆண்டு யூலையில், இங்கிலாந்தின் வெதர்பி நகரில் ஒரு சிற்றுண்டிச்சாலையின் வெளியே, ஒருவர் ஐயத்துக்கிடமான விதத்தில் ஒரு சிறு பெட்டியைக் கையாள்வதைக் கண்டவர்கள் பொலிசாருக்கு அறிவித்தனர். வீதி மூடப்பட்டது, மக்கள் அகற்றப்பட்டனர், வெடிகுண்டு நிபுணர் வந்து அதனை வெடிக்கச் செய்தனர். அது வெறும் விளையாட்டுப் பேழை. விளையாடுபவர்கள் ஒருவரோடொருவர் பேணும் ஒழுக்கம் போதாது, விளையாடாதவருக்கும் அவர்கள் கடமைப்பட்டவர்கள் என்பதை அந்த வெடிச்சத்தம் உணர்த்தியது. மகிள் என்று நகைக்கப்பட்டவர் கண்ணுக்குப் பேழை எவ்வாறு தோன்றும் என்று எண்ணிப் பார்ப்பதும், ஊருக்குள் ஒளிப்பதாயின் வெளிப்புறத்தில் அடையாளம் எழுதுவதும், அனுமதி பெறுவதும் வெறும் சம்பிரதாயம் அல்ல.

இயற்கைக்கும் இவ்வாறே கடன் செலுத்த வேண்டியதாயிற்று. அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவை, தன் நிலங்களிலே அனுமதியின்றிப் பேழைகளை விட்டுச்செல்வதை ஏற்கவில்லை. தேடுவோரின் காலடி புதிய ஒற்றையடிப் பாதைகளை உண்டாக்குகின்றது என்ற முறைப்பாடும் எழுந்தது. இதற்கு ஆர்வலர் கோபத்தால் விடை கூறவில்லை. 2002ஆம் ஆண்டில், பேழை தேடப் போகும் வழியிலே குப்பையைப் பொறுக்கிவரும் இயக்கத்தைத் தொடங்கினர். 2004ஆம் ஆண்டில் அமெரிக்கப் புவிச்சரிதவியற் கழகத்தின் முயற்சியால் பேழையே இல்லாத தேடல் ஒன்று உருவாயிற்று. குறித்த இடத்துக்குச் சென்று, அங்குள்ள பாறையையோ நிலவமைப்பையோ உற்றுநோக்கி, வினாக்களுக்கு விடை எழுதினால் போதும். அங்கே மறைந்திருக்கும் பொருள் பூமியின் வரலாறே ஆகும்.

பெரற்றின் போத்தலையும் உல்மரின் வாளியையும் இன்று அருகருகே வைத்து நோக்கினால், இடையில் வந்த செய்மதிகள் தேடுபவரின் வழியைச் சுருக்கினவேயன்றி, அவரது கடமையைச் சுருக்கவில்லை என்பது புலனாகும். இருபது மீற்றர் வரை கருவி கொண்டு சேர்க்கும். எஞ்சிய தூரத்தில் கண்ணும் கையும் வேண்டும். பேழை கைக்கு வந்த பின்னரோ கருவியும் கண்ணும் உதவா. நல்லதை எடுத்துக்கொண்டு வெறும் பேழையை விட்டுப் போகலாம், எவரும் பார்க்கவில்லை. திரும்ப மறைக்காமல் எறிந்துவிட்டுப் போகலாம். எவரும் கேட்கப் போவதில்லை. அவ்வாறு செய்தோரும் உண்டு. அவர்கள் கை பட்ட பேழைகள் அழிந்தன. ஆனால், அழிந்தவற்றிலும் பன்மடங்கு பேழைகள் மழையிலும் பனியிலும் மூடி திருகியபடியே அடுத்தவருக்காகக் காத்திருந்தன.

கிரான்மியரிலே முதல் அட்டையைப் பெட்டியிலிட்டவர், அதனை எடுத்துச் சென்று தபாலிற் சேர்க்கப் போகிறவர் யார் என அறியார். அவர் நல்லவர் என்று எண்ணிக்கொண்டே மலையிறங்கினார். சில நாட்களின் பின் வாயிற்கதவடியில் அந்த அட்டை வந்து கிடந்தது.